18 கிலோவாட் ஹீட்டரை 9 ஆக மாற்றித் தந்த கோவைப் பட்டறை

கொடைக்கானலில் நாயுடுபுரம் பக்கம் 14 அறைகள் உள்ள லாட்ஜ் ஒன்றை நடத்துகிறேன். டிசம்பர், ஜனவரியில் காலை ஐந்து மணிக்குக் குழாயைத் திறந்தால் கை மரத்துப்போகும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு வருகிறவர்கள் மலைக்கும் ஏறி வந்து ஒரு நாள் தங்குவார்கள். எல்லாருக்கும் ஆறு மணிக்குள் வெந்நீர் வேண்டும். எங்கள் ஊரில் லாட்ஜுக்கு நல்ல பெயரோ கெட்ட பெயரோ வெந்நீரில்தான் வருகிறது. ஆகவே இது ஹீட்டரைப் பற்றியும், அதை எங்கள் மின்சாரத்துக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுத்த கோயம்புத்தூர் பட்டறையைப் பற்றியும் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிற விமர்சனம். பட்டறையின் பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று அதை நடத்துகிற பெரியவர் கேட்டுக்கொண்டார். இருப்பது மூன்றே ஆட்கள், இதற்கு மேல் வேலை வந்தால் கெட்டுப்போகும் என்றார். அதனால் பெயர் இல்லாமல் எழுதுகிறேன்.

ஹீட்டர் பழையது. மூடிவிட்ட ஒரு ஓட்டலின் சாமான்களோடு கிடந்ததை 38,000 ரூபாய்க்கு வாங்கினேன். 300 லிட்டர் டேங்க், உள்ளே தண்ணீரைச் சூடாக்குகிற 6 காயில், ஒவ்வொன்றும் 240 வோல்ட்டில் 3,000 வாட். மூன்று மூன்றாக மேலே ஒரு செட், கீழே ஒரு செட். பிளேட்டில் 415 வோல்ட், த்ரீ பேஸ், 18 கிலோவாட் என்று இருந்தது. டேங்க் நல்ல கனம், துரு இல்லை. புதிதாக வாங்கினால் இந்த விலைக்குப் பக்கத்தில்கூடப் போக முடியாது.

சிக்கல் எங்கள் லோடில் இருந்தது. மின்வாரியத்தில் லாட்ஜுக்கு அனுமதி வாங்கியிருப்பது 15 கிலோவாட். விடிகாலையில் மோட்டார், விளக்குகள், சமையலறை, பிரிட்ஜ் எல்லாம் சேர்ந்து 5 கிலோவாட் வரை இழுக்கும். அதன் மேல் 18ஐ வைக்க இடம் இல்லை. லோடை உயர்த்தலாம்தான். ஆனால் அதற்குக் கட்டும் பணம் போக, கிலோவாட்டுக்கு இவ்வளவு என்று நிலைக் கட்டணமும் கூடும். வெந்நீருக்குத் தேவை இல்லாத மாதங்களிலும் அதைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 9 கிலோவாட்டாகக் குறைத்தால் போதும் என்று முடிவு செய்தேன்.

முதலில் பக்கத்திலேயே இருக்கிற ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். மோட்டார் வேலையில் கைதேர்ந்தவர், எங்கள் தண்ணீர் மோட்டாரைப் பலமுறை சரிசெய்து கொடுத்தவர். மேல் செட் மூன்று காயிலின் வயரைக் கழற்றிவிட்டு, கீழ் செட்டுக்கு மட்டும் லைன் கொடுத்தார். "பாதி காயில், பாதி கரண்ட். 9 கிலோவாட் ஆயிடுச்சுக்கா. டெல்டா போட்டிருக்கேன், சீக்கிரமா சூடாகும்" என்றார். எனக்கும் கணக்குச் சரியாகத்தான் பட்டது.

முதல் நாள் எல்லாருக்கும் சந்தோஷம். 35 நிமிஷத்தில் டேங்க் முழுக்கக் கைவைக்க முடியாத சூடு. பழைய ஹீட்டரா இது என்று வியந்தேன். ஹீட்டர் ஓடும்போது வராந்தா விளக்கு மங்கியதைப் பார்த்தேன், குளிர்காலத்தில் ஊரில் வோல்டேஜ் இறங்குவது வழக்கம்தானே என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் காலை ஐந்தரைக்கு, டேங்க் இருக்கிற அறைக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கிற ஈ.எல்.சி.பி. விழுந்து லாட்ஜ் முழுக்க இருட்டு. 11 அறைகளில் ஆட்கள். டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால் டெர்மினல் பக்கம் கருகிய நாற்றம். அன்றைக்கு கேஸ் அடுப்பில் அண்டா வைத்து எல்லாருக்கும் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தோம். பட்டறைக்கு நான் போன் செய்தது அதற்குப் பிறகுதான். ஓட்டல் சாமான் விற்றவரே நம்பர் கொடுத்தார்.

பெரியவர் கேட்ட முதல் கேள்வியே எனக்குப் பிடித்துவிட்டது. என்ன கம்பெனி, எத்தனை லிட்டர் என்று அவர் கேட்கவில்லை. "காயில்ல என்ன வோல்ட்டுன்னு அடிச்சிருக்குது? அத மட்டும் சொல்லுங்க அம்மிணி" என்றார். 240 என்றேன். டெர்மினலைப் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பச் சொன்னார். ஐந்து நிமிஷத்தில் திரும்பக் கூப்பிட்டார்.

"மூணு காயிலோட வாலும் ஒரே எடத்துல சேரணும். உங்க படத்துல ஒவ்வொண்ணோட வாலும் அடுத்ததோட தலையில இருக்குதுங்க."

இதைவிட எளிதாக யாராலும் சொல்லியிருக்க முடியாது. காயிலின் ஒரு முனை தலை, மறு முனை வால். மூன்று வாலும் ஒன்றாகச் சேர்ந்தால் ஸ்டார். அப்போது ஒவ்வொரு காயிலுக்கும் 240 வோல்ட் போகும். ஒன்றின் வாலை அடுத்ததன் தலையில் முடிந்தால் டெல்டா. அப்போது ஒவ்வொன்றும் இரண்டு பேஸுக்கு நடுவில் நின்று 415 வோல்ட்டை வாங்கும். வாட் என்பது வோல்ட் கூடுகிற அளவுக்கு மட்டும் கூடுவதில்லை, வோல்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 240 போய் 415 வந்தால் வோல்டேஜ் 1.73 மடங்கு, வாட் மூன்று மடங்கு. அதாவது 3 கிலோவாட் காயில் 9 கிலோவாட்டாக எரிந்திருக்கிறது. மூன்றும் சேர்ந்து 27. பதினெட்டைப் பாதியாக்கச் சொன்ன வேலையில் ஹீட்டர் ஒன்றரை மடங்காகிப் போயிருந்தது. 35 நிமிஷத்தில் தண்ணீர் கொதித்த ரகசியம் இதுதான்.

அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் லைனைத் துண்டிக்கிற எம்.சி.பி. ஏன் விழவில்லை என்று கேட்டேன். போட்டிருந்தது 32 ஆம்பியர். 27 கிலோவாட்டுக்கு ஒரு பேஸில் ஓடுவது 37, 38 ஆம்பியர். கொஞ்சம்தான் அதிகம் என்றால் எம்.சி.பி. உடனே விழாது, மணிக்கணக்கில்கூடத் தாங்கிக்கொண்டிருக்கும். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு போனால்தான் சீக்கிரம் விழும். அந்த மூன்று நாள் காலையிலும் வயரும் டெர்மினலும் சூட்டிலேயே வெந்துகொண்டிருந்திருக்கின்றன. அதை நினைத்தால் இன்னும் எனக்குப் பதறுகிறது. டேங்க் அறைக்குச் சுவர் ஒட்டினாற்போல இருப்பது நான்காம் நம்பர் அறை, அன்றைக்குக் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் அதில் இருந்தது.

டெல்டா என்பதே தப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 415 என்று முத்திரை குத்திய காயிலுக்கு டெல்டாதான் சரி. அதை ஸ்டாரில் போட்டால் வாட் மூன்றில் ஒரு பங்காகிவிடும், தண்ணீர் சூடாக மூன்று மடங்கு நேரம் பிடிக்கும். மோட்டார் பழக்கத்தில் இருக்கிறவர்களுக்கு டெல்டா என்றால் முழு சக்தி என்று கைக்குப் பழகியிருக்கிறது. எங்கள் ஊர்க்காரரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. காயிலின் கழுத்தில் இருக்கிற எண்ணைப் படிக்காமல் செய்தார், அவ்வளவுதான். ஆனால் அவர் செய்த இன்னொன்றை என்னால் மன்னிக்க முடியவில்லை, அதைக் கீழே சொல்கிறேன்.

சொன்ன நாளுக்கு ஆறு நாள் தாமதமாகப் பட்டறை ஆட்கள் வந்தார்கள். பெரியவரும் ஒரு தம்பியும். இந்தத் தாமதத்துக்கு நான் மதிப்பெண் குறைத்தே ஆக வேண்டும். சீசன் இல்லாவிட்டாலும் ஆறு நாளும் அண்டாவில் தண்ணீர் காய்ச்சியது நாங்கள்தான். போன் செய்தால் எடுப்பதும் இல்லை, இரவு ஒன்பது மணிக்கு மேல் அவராகக் கூப்பிடுவார்.

வேலையில் இறங்கிவிட்டால் அவர் வேறு ஆள். முதலில் மெயினை அணைத்துவிட்டு, மூன்று பேஸிலும் கரண்ட் இல்லை என்று டெஸ்டர் வைத்துப் பார்த்து, ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு டேங்கை வடித்து, ஆறு காயிலையும் கழற்றி, வராந்தாவில் சாக்கை விரித்து வரிசையாக வைத்தார். மல்டிமீட்டரில் ஒவ்வொன்றாக ஓம் பார்த்து, சாக்பீஸால் தரையில் எழுதினார். 240 வோல்ட் 3,000 வாட் காயிலுக்கு 19.2 ஓம் வர வேண்டும். 240ஐ 240ஆல் பெருக்கி 3,000ஆல் வகுத்தால் வருகிற கணக்கு. லைன் இல்லாமல் விட்டிருந்த மேல் செட்டில் மூன்றும் 19க்குப் பக்கத்தில் காட்டின. டெல்டாவில் மாட்டிக்கொண்ட கீழ் செட்டில் ஒன்று அறுந்தே போயிருந்தது. அதன் செம்பு உறை விரல் நீளத்துக்கு வெடித்து, உள்ளே இருக்கிற வெள்ளைப் பொடி வெளியே வந்திருந்தது. மற்ற இரண்டும் ஓம் சரியாகக் காட்டினாலும், உறை கறுத்துக் கொப்புளம் கொப்புளமாக இருந்தது. அவற்றை எனக்குத் தொட்டுக் காட்டி, "இது ஓடும், ஆனா நம்ப முடியாதுங்க" என்று ஓரமாகத் தள்ளினார்.

அடுத்தது மெகர். காயிலுக்கும் உறைக்கும் நடுவில் கரண்ட் கசிகிறதா என்று 500 வோல்ட் கொடுத்துப் பார்க்கிற கருவி. மேல் செட்டில் இரண்டு காயில் மிகவும் குறைவாகக் காட்டியது. எனக்கு முகம் விழுந்துவிட்டது. ஆறில் ஐந்து போச்சா என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே, இவை கெடவில்லை, ஈரம் குடித்திருக்கின்றன என்றார். உறைக்குள் இருக்கிற பொடி மெக்னீசியம் ஆக்ஸைடு, சும்மா கிடந்தால் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓட்டல் மூடிய பிறகு மாதக்கணக்கில் கிடங்கில் கிடந்த சாமான் அல்லவா. எங்கள் பேக்கரி அடுப்பு அணைந்த பிறகு இருக்கிற இளஞ்சூட்டில் இரவு முழுக்க வைத்தார். மறுநாள் காலை மெகர் முள் நன்றாக ஏறி நின்றது. வேறு யாராவது வந்திருந்தால் அந்த இரண்டுக்கும் சேர்த்துப் புதுக் காயில் விற்றிருப்பார்கள். பட்டறை மீது எனக்கு முழு நம்பிக்கை வந்த இடம் இதுதான்.

வாட்டைக் குறைக்க இரண்டு வழி சொன்னார். ஒன்று, ஆறு இடத்திலும் 1,500 வாட் காயில் போட்டு எல்லாவற்றையும் ஒன்றாக ஓட்டுவது. மொத்தம் 9 கிலோவாட். காயிலின் மேல் சூடு குறைவாக இருப்பதால் உப்புப் படிவது குறையும், நாள் கணக்கில் தாங்கும். திண்டுக்கல், வத்தலக்குண்டு மாதிரி உப்புத் தண்ணீர் ஊராக இருந்தால் இதைத்தான் செய்வேன் என்றார். மற்றொன்று, 3,000 வாட் காயிலையே வைத்துக்கொண்டு, மேல் செட்டோ கீழ் செட்டோ ஏதாவது ஒன்று மட்டும் ஓடும்படி செய்வது. எங்கள் தண்ணீரில் உப்பு இல்லை, மூன்று காயில் கையிலேயே இருக்கிறது. ஆகவே இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். கீழ் செட்டுக்கு மூன்று புதுக் காயில்.

இதில் ஒரு வசதி எனக்கு இப்போதுதான் புரிகிறது. கீழ் செட் ஓடினால் டேங்க் முழுக்கச் சூடாகும், விடிகாலைக்கு அது. மத்தியானம் இரண்டு மூன்று பேர் மட்டும் கேட்டால் மேல் செட்டைப் போடுகிறேன். சூடு கீழே இறங்காது, மேலே இருக்கிற தண்ணீர் மட்டும் சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டு செட்டுக்கும் தனித்தனிக் காண்டாக்டர் (காந்தத்தால் இழுபட்டு லைன் கொடுக்கிற சுவிட்ச்), எது ஓட வேண்டும் என்று திருப்ப ஒரு செலக்டர் சுவிட்ச். ஒரு காண்டாக்டர் இழுத்திருக்கும்போது மற்றது இழுக்கவே முடியாதபடி ஒன்றின் லைனை மற்றொன்றின் வழியாகக் கொண்டுபோயிருக்கிறார். யாராவது அவசரத்தில் எப்படித் திருப்பினாலும் 9க்கு மேல் போகாது.

ஸ்டாரில் மூன்று வாலும் சேருகிற இடத்துக்கு நியூட்ரல் வயரையும் இழுத்து முடிந்தார். மூன்று காயிலும் சரியாக இருக்கும்போது அந்த வயரில் ஏறக்குறைய ஒன்றும் ஓடாது. நாளைக்கு ஒரு காயில் அறுந்தால்தான் அதன் அருமை தெரியும். நியூட்ரல் இல்லாவிட்டால் மிச்சம் இரண்டும் தொடராகி 4.5 கிலோவாட்தான் தரும். இருந்தால் 6 கிடைக்கும். குளிர்கால விடிகாலையில் அந்த ஒன்றரை கிலோவாட் பெரிய விஷயம்.

பேஸுக்கு இப்போது 12.5 ஆம்பியர்தான். அதனால் 32 எம்.சி.பி.யை எடுத்துவிட்டு 20 போட்டார். லோடு குறைந்தால் எம்.சி.பி.யும் இறங்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த தடவையும் அது பார்த்துக்கொண்டு சும்மாதான் இருக்கும் என்றார்.

முதல் ஆள் செய்த அந்த இன்னொரு காரியத்துக்கு வருகிறேன். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு கரண்டை நிறுத்தாமல் போனால், தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடாவதற்குள் லைனைத் துண்டிக்க ஒரு கட்-அவுட் உண்டு. அது ஒருமுறை விழுந்தால் கையால் அமுக்கினால்தான் திரும்ப எழும். பெரியவர் கவரைத் திறந்தபோது, அதன் இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றி வைத்திருந்தது. டெல்டாவில் சூடு தாறுமாறாக ஏறியதில் அது அடிக்கடி விழுந்திருக்கும், தொந்தரவு என்று நேராக இணைத்துவிட்டார் போல. அந்த மூன்று நாளும் மூடிய டேங்குக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு சேஃப்டி வால்வுதான். பட்டறைத் தம்பி அந்த டேப்பை உரித்து என் கையில் கொடுத்தான். அதை இன்னும் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். கட்-அவுட்டைத் திரும்ப இணைத்து, ஒரு பாத்திரத்து வெந்நீரில் அதன் குமிழை முக்கி, விழுகிறதா என்று என் கண் முன்னால் சோதித்தும் காட்டினார்கள்.

டேங்க் நிரம்பி, எல்லா அறைக் குழாயிலும் காற்று போய்த் தண்ணீர் சீராக வருகிறவரை சுவிட்சைத் தொட விடவில்லை. காயில் தண்ணீருக்கு வெளியே சில வினாடி எரிந்தாலே போய்விடும் என்றார். பிறகு வயரை வெட்டாமலே கரண்ட்டை அளக்கிற டாங் டெஸ்டரை ஒவ்வொரு வயராக மாட்டினார். 12.1, 12.3, 12.2. அந்த எண்களைப் பார்த்தபோது எனக்கு வந்த நிம்மதியை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை.

கடைசியாக அவர் செய்ததை வேறு எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை. உள்ளங்கை அளவு அலுமினியத் தகட்டை எடுத்து, எண் அச்சுகளைச் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டி, '415 வோ. 3 பேஸ். ஸ்டார். 9 கி.வா. 12.5 ஆம்ப்' என்று பதித்து, பழைய பிளேட்டுக்குக் கீழே ரிவிட் அடித்தார். பழைய பிளேட்டில் 18 என்ற எண்ணின் மேல் உளியால் ஒரு கோடு. பத்து வருஷம் கழித்து யார் வந்து திறந்தாலும் பழைய எண்ணை நம்பி ஏமாறக் கூடாது என்றார்.

பில் 18,350 ரூபாய். காயில் ஒன்று 1,450 வீதம் 4,350. டேங்க் துருப்பிடிக்காமல் தனக்கு அரிப்பை வாங்கிக்கொள்கிற மெக்னீசியம் தண்டு, பழையது கம்பியாகத் தேய்ந்திருந்ததால் புதிது 1,600. காண்டாக்டர், செலக்டர், எம்.சி.பி. எல்லாம் 3,400. கூலி 6,500. வண்டிச் செலவு 2,500. வண்டிச் செலவை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம், கடைசியில் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. ஜி.எஸ்.டி. பில்லும் கேட்ட பிறகுதான் வந்தது. வயரிங் படமும் அப்படித்தான். கேட்டதும் பில்லின் பின்பக்கமே பேனாவால் வரைந்து கொடுத்தார். அதை லேமினேட் செய்து டேங்க் அறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

மூன்றாம் இரவு ஒரு காயிலின் வாஷரில் தண்ணீர் கசிந்தது. போனில் சொன்னேன். அடுத்த வாரம் பழனிக்கு வேறு வேலையாக வந்த தம்பி மலையேறி வந்து மாற்றிவிட்டுப் போனான், காசு வாங்கவில்லை.

9 கிலோவாட் போதுமா என்று கேட்பவர்களுக்கு என் கணக்கு. 15 டிகிரியில் வருகிற 300 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 15.7 யூனிட் வேண்டும். 9 கிலோவாட்டில் ஒன்றே முக்கால் மணி நேரம். குளிக்கிற சூட்டுக்குப் பச்சைத் தண்ணீர் கலந்தால் 25, 27 பக்கெட் வருகிறது. மூன்றரைக்குப் போட்டால் ஐந்தேகாலுக்குத் தயார். ஆனால் இரவு எட்டு மணி வாக்கில் எங்கள் தெருவில் வோல்டேஜ் 200க்கு இறங்கிவிடும். அப்போது அதே ஹீட்டர் 6.25 கிலோவாட்தான் தரும், இரண்டரை மணி நேரம் பிடிக்கும். இது ஹீட்டரின் குறை இல்லை, பட்டறையின் குறையும் இல்லை. மாலையில் சீக்கிரமே போட்டு வைத்துவிடுகிறேன்.

சிங்கிள் பேஸ் மட்டும் இருக்கிற ஹோம்ஸ்டேக்காரர் ஒருவர் இதே மாதிரி மாற்ற முடியுமா என்று என்னிடம் கேட்டார். பெரியவரிடம் கேட்டேன். முடியும், மூன்று தலையையும் ஒன்றாகப் பேஸில் சேர்த்தால் அதே 9 கிலோவாட் வரும், ஆனால் ஒரே வயரில் 37.5 ஆம்பியர் ஓடும், வயரும் சுவிட்சும் அதற்குத் தக்கபடி வேண்டும், மின்வாரியத்தில் அந்த லோடு அனுமதி இருக்க வேண்டும் என்றார். அவர்களுக்கு இரண்டு காயிலை நிறுத்தி வைத்து 3 கிலோவாட்டில் ஓட்டுவதே நல்லது என்பது அவர் யோசனை.

ஐந்துக்கு நான்கரை கொடுக்கிறேன். அரை மதிப்பெண் அந்த ஆறு நாளுக்கும் சொல்லாமல் போட்ட வண்டிச் செலவுக்கும். நம்பர் வேண்டுமென்றால் எனக்குத் தனியாக எழுதுங்கள். கூப்பிடும் முன் காயிலில் அடித்திருக்கிற வோல்ட்டையும் டெர்மினல் படத்தையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், அவர் அதைத்தான் முதலில் கேட்பார்.